சுவரைப் பார்த்த அறை

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு அறை ஒதுக்கிச் சாவி கொடுப்பது என் வேலை. என் கணவர் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இலங்கையில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் மூன்று நாள் தங்க ஏற்பாடு செய்தாள். அவள் அனுப்பிய படத்தில் கட்டிலுக்கு நேர் எதிரே கடல் இருந்தது. அதை அவர் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் அத்தனை பேரிடமும் காட்டினார்.

போய் இறங்கியபோது மத்தியானம். கவுண்டரில் இருந்த பெண் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். என் சாதாரண நூல் புடவை, அவர் கையில் மடித்து வைத்திருந்த ஸ்வெட்டர், பூட்டுக் கெட்டுக் கயிறு கட்டிய பெட்டி. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று எடை போடும் பார்வை அது.

கீழ்த்தளத்தின் கடைசி அறையைக் கொடுத்தாள். ஜன்னல் திரையை அவர்தான் ஆசையாக விலக்கினார். நாலடி தள்ளிப் பாசி பிடித்த மதில். அதையொட்டி ஜெனரேட்டர். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், திரையைப் பழையபடி இழுத்துவிட்டார்.

"ஏசி நல்லாத்தான இருக்கு" என்றார்.

நான் கவுண்டருக்குத் திரும்பிப் போய், படத்தில் இருந்த அறை இது இல்லையே என்று கேட்டேன். "சாரி மேடம், எல்லா ரூமும் ஃபுல்" என்றாள். சொல்லும்போது அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. நானும் பார்க்காமல்தான் சொல்வேன்.

மறுநாள் காலையில் நீச்சல் குளத்தின் பக்கம் போட்டிருந்த சாய்வு நாற்காலி ஒன்றில் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு சீருடை போட்ட ஒருவர் வந்து, அவை கடலைப் பார்த்த அறைக்காரர்களுக்கு என்றார். என் கணவர் சட்டென்று எழுந்து, "சாரி சார்" என்று சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்த இடத்தைத் தோள் துண்டால் துடைத்தார். ஹோட்டல் வாசல்களில் வண்டிக்குள்ளேயே காத்துக் கிடந்து பழகிய மனிதர். எங்கள் ஹோட்டலிலும் டிரைவர்கள் உள்ளே வந்து உட்காரக் கூடாது. என்னைக் கூட்டிப்போக வரும்போதுகூட கேட்டுக்கு வெளியேதான் நிற்பார். விருந்தாளியாக அவர் ஒரு ஹோட்டலுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

மதிலைச் சுற்றிக்கொண்டு மீன்பிடிப் படகுகள் கிடந்த கரைக்கு நடந்தோம். அங்கே இருக்கும்போது மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, ரூமுல இருந்து கடல் தெரியுதா?"

"தெரியாமயா? இந்தா பாரு" என்று போனைக் கடலின் பக்கம் திருப்பினார். "கட்டில்ல படுத்தா அலைச்சத்தம்தான், பாத்துக்க."

போனை வைத்ததும் என்னிடம், "பிள்ள ஆசையாச் செஞ்சிருக்கு. நீ பாட்டுக்கு எதையும் சொல்லிராத" என்றார்.

திரும்பி வந்து, மதுரை விமான நிலையத்திலிருந்து எங்கள் காரிலேயே மலை ஏறினோம். டம்டம் பாறையில் டீ குடிக்க நிறுத்தினார். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்ததை அங்கே சொல்லிவிட்டேன்.

"எங்க ஹோட்டல்ல லாண்டரிய ஒட்டி ஒரு ரூம் இருக்குங்க. ஜன்னலத் தொறந்தா சுவருதான். எதுத்துக் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்குத்தான் அதக் குடுப்பேன்."

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"வண்டியில ஏறித்தான பொலம்புவாங்க. ஒருதடவ ராமநாதபுரத்துல இருந்து ஒரு வாத்தியாரும் அவரு சம்சாரமும் வந்தாங்க. ரிட்டையர் ஆகி மொதமொதல்ல வெளிய கெளம்பிருக்காங்க. மன்னவனூர் போற வரைக்கும் அந்தம்மா வாயே தொறக்கல. ரூமுல இருந்து பள்ளத்தாக்கு தெரியும்னு சொன்னாங்களே தம்பின்னு, அவருதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு வந்தாரு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"அது ஒஞ் சோலி. நானென்னத்தச் சொல்ல?" டீயை ஒரு மடக்கு குடித்தார். "அந்தக் கவுண்டர்ல இருக்கறது எம்பொண்டாட்டிதான்னு அவங்ககிட்டயும் நாஞ் சொல்லல."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அந்த அறையை இனி வாடகைக்கு விட வேண்டாம் என்று மேனேஜரிடம் கேட்டேன். சீசனில் ஒரு அறையைப் பூட்டி வைப்பதா என்று சிரித்தார். இப்போது சாவியைக் கொடுக்கும் முன்பே, "இதுல வெளிய சுவருதாங்க தெரியும்" என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று பேர் வேறு ஹோட்டல் தேடிப் போனார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார்.

அந்த ஆசிரியருக்கும் அவர் மனைவிக்கும் என் கையால்தான் சாவி கொடுத்திருப்பேன். அவர்களுடைய முகங்களை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். வரவில்லை.