சிவப்பு லோரிக்கு ஒரு டியூப் பெயிண்ட்

பெட்டிகளைக் கீழே போடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. சரக்கு கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்தில் பிடித்து ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு பக்கம் என்று பத்து முறை விடுவேன். பிறகு திறந்து பார்ப்பேன். உள்ளே ஒரு கீறல் இருந்தாலும் 'ரிஜெக்ட்' போட்டுவிடுவேன். பேக்கிங் பிரிவில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கெலுகோரில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆயில் பெயிண்டிங் வகுப்புக்குப் போகிறேன். ஐம்பது வயதில் இது எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாரும் மாலை முழுக்க சீரியல் பார்க்கிறவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

போன வருடம் எங்கள் வகுப்பு ஒரு கண்காட்சி வைத்தது. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. ஆளுக்கு ஒரு படம். சனிக்கிழமை காலையில் கொண்டுவர வேண்டும், ஈரமாக இருந்தால் மாட்ட மாட்டேன் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் செம்பருத்தி, கடற்கரை, பூனை என்று வரைந்தார்கள். நான் எங்கள் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றுகிற இடத்தை வரைந்தேன். சாம்பல் சுவர், சாம்பல் தரை, நடுவில் ஒரு சிவப்பு லோரி. லோரியின் முன்பாதி முடிந்தபோது சிவப்பு டியூப் தீர்ந்துவிட்டது.

ஊரிலுள்ள கடைகளில் நான் பூசிக்கொண்டிருந்த கம்பெனியின் சிவப்பு இல்லை. இருந்த வேறொரு சிவப்பை வாங்கி ஓரத்தில் பூசிப் பார்த்தேன். லோரிமேல் சில்லி சாஸ் கொட்டியது போல இருந்தது. அதைத் துடைத்துவிட்டு ஆன்லைனில் ஒரு பெரிய டியூப்புக்கு ஆர்டர் போட்டேன். விற்கிறவர் கோலாலம்பூரில். இரண்டு நாளில் வந்துவிடும் என்று போட்டிருந்தது. என் பெயிண்ட் முதலில் எதிர்த்திசையில் ஜொகூருக்குப் போனது. அங்கே ஒன்றரை நாள் ஓய்வெடுத்தது. பிறகு ஈப்போவைப் பார்த்தது. நான்கூட அந்த வருடம் அவ்வளவு ஊர் சுற்றவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது பார்சல் வந்திருந்தது. என் கணவர் அதைச் சாமி மேடையில் வைத்திருந்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை. 'உடையும் பொருள்' என்ற ஸ்டிக்கர் தலைகீழாக ஒட்டியிருந்தது. அதன் நட்டநடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

"ஏங்க, பெயிண்டுக்கு எதுக்குங்க குங்குமம்?"

"புது சாமான்லா. வாசல்ல நிக்கிற காடிக்கு வெச்சோம், ரைஸ் குக்கருக்கு வெச்சோம். இதுக்கு மட்டும் வெக்கக் கூடாதா?"

"பை ஒரு பக்கம் பிசுபிசுன்னு இருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன். நான் வெச்ச குங்குமந்தான் ஈரத்துல கரஞ்சிடுச்சோன்னு நெனச்சு, மேல இன்னும் கொஞ்சம் வெச்சேன்."

இந்த மனிதரோடு இருபத்தெட்டு வருடம்.

பார்சலைத் திறக்கும்போது முதல் நொடியிலிருந்து வீடியோ எடுத்தால்தான் புகாரை ஏற்பார்கள். அது எனக்குத் தெரியும். கணவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஆறு பக்கத்தையும் காட்டி, இடையில் நிறுத்தாமல் எடுக்கச் சொன்னேன். உள்ளே ஒரே ஒரு சுற்று பபள் ராப். அதிலும் பாதிக் குமிழ்கள் ஏற்கெனவே உடைந்திருந்தன. யாரோ பொழுதுபோகாமல் உட்கார்ந்து உடைத்திருக்க வேண்டும். டியூப்பின் அடிமடிப்பு பிளந்து, பெயிண்டில் முக்கால்வாசி பபள் ராப்பிலும் பையிலும் அப்பிக் கிடந்தது. மூடி மட்டும் பத்திரமாக, இறுக்கமாக இருந்தது. மூடிக்கு என் பாராட்டுகள்.

வீடியோவை அனுப்பினேன். விற்பவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். 'ஹாய் டியர்' என்று தொடங்கியது. என்னை யாரும் டியர் என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. வீடியோவில் பைக்கு வெளியே சிவப்புக் கைரேகை தெரிகிறதாம், ஆகவே நான் முன்பே பிரித்து, டியூப்பை அழுத்திவிட்டு, மறுபடி ஒட்டியிருக்கிறேனாம். அது குங்குமம் என்று எழுதினேன். அப்படியென்றால் என்ன டியர் என்று கேட்டார். சாமிக்கு வைப்பது என்றேன். பெயிண்டையா சாமிக்கு வைப்பீர்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே கேள்வியை நானும் அன்று மாலையில் கேட்டிருந்தேன்.

செவ்வாய் காலை தொழிற்சாலையிலிருந்து அவருக்கு முறையாக ஓர் அறிக்கை எழுதினேன். பிளவின் நீளம், பபள் ராப் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் விழுந்தால் அடிமடிப்பு அப்படிப் பிளக்கும், எல்லாம். குங்குமம் தூள், ஆயில் பெயிண்ட் பசை, இரண்டையும் தனித்தனியாகத் தாளில் தேய்த்துப் படமெடுத்து இணைத்தேன். மதியம் ஒப்புக்கொண்டார். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை. டியூப்பையும் பையையும் பபள் ராப்பையும் வந்தபடியே, எதையும் எடுக்காமல், திருப்பி அனுப்ப வேண்டும்.

நான் ஜெயித்துவிட்டேன். லோரியின் பின்பாதி வெள்ளையாக நின்றது.

புது டியூப் ஆர்டர் செய்தால் அது மலாக்காவையும் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரும். மெல்லியதாகப் பூசினாலும் இந்தச் சிவப்பு காய மூன்றரை நாளாவது வேண்டும். பையில் சிந்தியதை வழித்து அன்று மாலையே பூசினால்தான் சனிக்கிழமைக்கு உண்டு; வழித்தால் பணம் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆசிரியருக்குப் போன் செய்தேன். பின்பாதியைச் சாம்பல் தார்ப்பாயால் மூடிவிடுங்கள் அக்கா, அழகாக இருக்கும் என்றார். நான் தினமும் பார்க்கிற லோரி முழுக்கச் சிவப்பு. அதற்குத் தார்ப்பாய் கிடையாது. இல்லாததை வரைய நான் எதற்கு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்க வேண்டும்?

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காச வுட்ருலா. படத்த முடி."

"காசுக்காக இல்லீங்க. அவன் பண்ணது தப்பு. அவன் ஒத்துக்கிட்டான். இப்ப நான் போயி வேணாம்னு சொல்லணுமா?"

"ஒத்துக்கிட்டான்ல? அப்புறம் என்ன? அவனா வந்து ஒன் படத்த பாக்கப் போறான்?"

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் செய்ததைக் குறை சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன். நானே ஒன்றைச் செய்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டப் போவது இதுதான் முதல் தடவை. அதை இவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் காசை விடச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

புகாரைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இரண்டு காரணங்கள்தான் இருந்தன. விற்பவர் மாற்றுப் பொருள் அனுப்பிவிட்டார் என்பது ஒன்று. வாங்கியவர் தவறாகப் புகார் செய்துவிட்டார் என்பது இன்னொன்று. பெயிண்ட் வேண்டியிருக்கிறது என்று சொல்ல இடமில்லை. தவறாகப் புகார் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். உடனே செய்தி வந்தது: பரவாயில்லை டியர், அடுத்த முறை நன்றாகப் பார்த்துவிட்டுப் புகார் செய்யுங்கள். அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே அச்சிட முடியாது. கணவர் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டதால் அதை அனுப்பவும் இல்லை.

பையைக் கத்தரித்து மேசையில் விரித்தேன். தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, பெயிண்ட் கத்தியால் வழித்தேன். பபள் ராப்பில் குமிழ் குமிழாக ஒட்டியிருந்ததைத் தனித்தனியாகச் சுரண்ட வேண்டியிருந்தது. ஒட்டும் டேப்பின் துணுக்குகளை இடுக்கியால் பொறுக்கினேன். ஓரிடத்தில் குங்குமமும் கலந்திருந்தது. அதைப் பொறுக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டேன். லோரியின் பின் சக்கரத்துக்கு மேலே அந்த இடம் கொஞ்சம் சொரசொரவென்று இருக்கும்.

சனிக்கிழமை காலையில் ஆசிரியர் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. மாட்டினார்கள். செம்பருத்திகளும் பூனைகளும் வாசலுக்கு நேரே. என் லோரி உள்ளே, கழிவறைக்குப் போகிற வழியில்.

கீழே சாப்பாட்டுக் கடை. மேலே அந்த ஒரு கழிவறைதான். அன்று முழுக்க அதற்கு வரிசை நின்றது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் வேறு வழியில்லாமல் என் லோரியைப் பார்த்தார்கள், சிலர் ஐந்து நிமிடம்கூட.