லயத்து விறகில் காய்ந்த தேயிலை

1. ஒரே ஒரு ட்ரம்

லோரிக்கு ஊற்றுவதா, பேக்டரிக்கு ஊற்றுவதா என்று துரை ஒரு காலையில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். கையிருப்பில் ஒரே ஒரு ட்ரம் டீசல்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் லோரி டிரைவர். ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்டதில் தாப்பா ரோட்டில் மண் சரிந்து, கீழேயிருந்து எந்த வண்டியும் மேலே வர வழியில்லை. அரிசிக்கும் மாவுக்கும் கவலையில்லை, தானா ராத்தா கடைகளில் கிடைத்தது. டீசல்தான் இல்லை. பிரிஞ்சாங் எண்ணெய் நிலையத்தில் போய்க் கேட்டேன். திரிங்காப் பக்கத்துக் காய்கறி லோரிக்காரர்கள் வந்து, ரோடு திறந்த நிமிஷம் ஓட வேண்டுமே என்று எல்லாரும் டேங்கை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்களாம்.

இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து பறித்துக் கொண்டுவந்தால் அது யாருக்காகவும் காத்திருக்காது. வாட்டி, உருட்டி, பிறகு சூடான காற்றில் காயவைக்க வேண்டும். சூடு கிடைக்காவிட்டால் புளித்துக் குப்பைக்குப் போகும். பேக்டரி நின்றால் மறுநாள் பறிப்பும் நிற்கும். பறிப்பு நின்றால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்கும் வேலையில்லை.

முன்பெல்லாம் அந்தச் சூட்டை விறகு அடுப்பு கொடுத்தது. நான் சொல்கிற சமயத்தில் அந்த இடத்துக்கு எண்ணெய் பர்னர் வந்துவிட்டது. ஒரு வால்வைத் திறந்தால் போதும், புஸ்ஸென்று எரியும். விறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த வீராசாமி அண்ணன் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் சந்தோஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு எதிலும் கோபம் வராது.

துரை என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்து மேனேஜர், ஈப்போக்காரர், நம்ம ஆள்தான். ஆங்கிலம் கோபம் வரும்போது மட்டும் வரும். அன்று காலை இன்னும் தமிழிலேயே இருந்தார்.

"மாணிக்கம், இந்த ட்ரம் லோரிக்கு எவ்வளவு நாள் வரும்?"

"தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டுனா ரோடு தொறக்கிற வரைக்கும் இழுத்துப் பிடிச்சிரலாங்கய்யா."

"பர்னருக்கு?"

டீமேக்கர், அதாவது பேக்டரியில் தேயிலை போடுகிற அதிகாரி, தலையை ஆட்டினார். "சாயங்காலம் வரைக்கும்கூடக் காணாதுங்க."

"அப்ப பழைய விறகு அடுப்பு?"

எல்லாரும் திரும்பி வீராசாமி அண்ணனைப் பார்த்தோம். அவர் விளக்குமாற்றை மெதுவாகச் சுவரில் சாய்த்தார்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்குங்கய்யா. உள்ள நம்ம கோழி அடைகாக்குது. அது ஒண்ணுதான்."

"கோழிய எடுத்துட்டு நெருப்பு வைங்க லா!" என்றார் துரை.

அப்படித்தான் டீசல் லோரிக்கு வந்தது. லோரி விறகு ஏற்றும், விறகு தேயிலையைக் காயவைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

2. கருவாட்டு டீ

கணக்கு சரி, விறகு சரியில்லை. புதிதாகச் செடி வைக்கக் காட்டோரத்தில் வெட்டிப் போட்டிருந்த மரத்தைத் துண்டுபோட்டு முதல் நடை கொண்டுவந்தேன். மழையில் ஊறிய பச்சை மரம். அடுப்பில் வைத்தால் இரண்டு முனையிலும் நுரை தள்ளியது. சட்டியில் மீன் பொரிக்கிற மாதிரி சத்தம். எரிகிற நெருப்பெல்லாம் மரத்தில் இருக்கிற தண்ணீரை ஆவியாக்கவே செலவானது. தேயிலையைக் காயவைக்கிற டிரையரில் தெர்மாமீட்டர் முள் ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றது. ஏதோ ஓர் ஓட்டை வழியாகப் புகை தேயிலைப் பக்கமும் போய்விட்டது.

டீமேக்கர் அந்தத் தூளில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். முகம் கோணிப்போனது.

"கருவாட்டைச் சுட்டு அதுல தண்ணி ஊத்துனா இப்பிடித்தான் இருக்கும்."

துரைக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. அது அடங்கியதும் வீராசாமி அண்ணன் சொன்னார்: "காஞ்ச வெறகு இருக்குங்கய்யா. லயத்துல. ஒவ்வொரு வீட்டுக் கூரைக்குக் கீழயும் அடுக்கி வச்சிருக்காங்க."

உண்மைதான். எங்கள் மலைக் குளிருக்கு அடுப்பு அணைந்தால் வீட்டில் இருக்க முடியாது. பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் தூர், கவாத்துக் கிளை, காட்டுக்கட்டை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுமந்துவந்து, சுவரோரம் கூரை இறக்கத்தில் அடுக்கி, ஒரு வருஷம் காயவிட்டு எரிப்பார்கள். தேயிலைத் தூர் நன்றாகக் காய்ந்துவிட்டால் கரி மாதிரி நின்று எரியும்.

துரை அவர் பக்கம் திரும்பினார். "அது அவங்க விறகு, வீராசாமி. தோட்டத்து விறகு இல்ல. போய்க் கேளுங்க. அதட்டக் கூடாது. குடுக்குறவங்க குடுக்கட்டும், பின்னால திருப்பிக் குடுத்துடலாம்."

லோரியை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். திட்டு வாங்கப்போகிறோம் என்று நான் நினைத்தேன். ஆனால் கீழ் லயத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. பேக்டரி நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டார்கள். அன்றைக்கு டிரையர் சூடானது. ஆறுமாதமாக விளக்குமாறு பிடித்த வீராசாமி அண்ணன், அடுப்பு வாயில் நின்று, எந்தக் கட்டை எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போட்டதைக் காண ஒரு கூட்டமே நின்றது.

அப்படியே சில நாள் ஓடியது. கீழ் லயத்து விறகு தீர்ந்தது. மிச்சம் தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷன். என் வீடு அங்கேதான்.

3. என் வீட்டு விறகு

மேல் டிவிஷனில் மற்ற வீடுகளில் எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியாக என் வீட்டு முன்னால் லோரியை நிறுத்தினேன். இறங்க மனசு வரவில்லை.

என் மனைவி சரசுவுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. பெண் குழந்தை. எங்கள் வீட்டு விறகு பிள்ளைக்கும் தாய்க்கும் வெந்நீர் வைக்க, அறையைச் சூடாக வைக்க என்று நானே தேடித்தேடிச் சேர்த்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் வாங்கிவிட்டு என் வீட்டை மட்டும் விட்டால் என்ன பேசுவார்கள்? எடுத்தால் பிள்ளை என்ன ஆகும்?

வீராசாமி அண்ணன் புரிந்துகொண்டார். "விடுப்பா. பச்ச உடம்புக்காரி இருக்குற வீடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அதற்குள் சரசு வாசலுக்கு வந்துவிட்டாள். பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஏங்க, எல்லா வீட்டுலயும் ஏத்துனீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன யோசன?"

"பிள்ளைக்கு வேணாமா?"

"வேணுந்தான். குளுர்ல போட முடியுமா?" லோரியில் ஏற்றியிருந்த விறகைப் பார்த்தாள். "இந்த வெறகெல்லாம் எங்க எரியப் போகுது?"

"பேக்டரியில."

"அப்ப அங்கதான சூடா இருக்கும். நாங்களும் அங்கயே வந்துடுறோம்."

நான் வீராசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர், "அடுப்புக்குப் பின்னால ஒரு ரூம் இருக்குப்பா. தூசி வராது, புகை வராது. முந்தி நான் படுக்குற எடம்" என்றார். பேக்டரியில் பிள்ளையை வைத்திருக்கத் துரையிடம் யார் கேட்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விறகு பின்னால் ஏறியது. சரசுவும் பிள்ளையும் முன்னால் ஏறினார்கள். வீராசாமி அண்ணன் விறகின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

4. ஏற்றத்தில் நின்றது

மேல் டிவிஷனிலிருந்து பேக்டரிக்கு ரோடு முதலில் இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறும். அந்த ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் இருமியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசம். அப்படியே அணைந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வீராசாமி அண்ணன் ஒரு கட்டையோடு குதித்து, பின் சக்கரத்துக்குக் கீழே அண்டை கொடுத்தார்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அன்று காலை டேங்கில் ஊற்றியது ட்ரம்மின் அடி டீசல். வேறு இல்லை. ட்ரம் அடியில் தண்ணீரும் சகதியும் தங்கும். துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். சகதியைத் துணி பிடிக்கும், தண்ணீரை முழுதாகப் பிடிக்காது. டீசல் எஞ்சினுக்குத் தண்ணீர் ஆகாது. போதாததற்கு லைனில் ஏர் வேறு பிடித்துக்கொண்டது.

மழை விடவில்லை. கேபினில் பிள்ளை அழ ஆரம்பித்தது. முதலில் டேங்க் அடி பிளக்கைத் திறந்தேன். தண்ணீர்தான் வந்தது, பிறகு கலங்கலாக, பிறகு டீசல் நிறம். உடனே மூடினேன், இருப்பதே கொஞ்சம். பில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்துத் துடைத்தேன். பிறகு ஏர் எடுக்க வேண்டும். பில்டர் மேல் இருக்கிற ஸ்குருவை லேசாகத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரைநுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். வெயிலில் சுலபமான வேலை. அன்று விரல் மரத்துப்போய் ஸ்பானர் எங்கே, விரல் எங்கே என்று தெரியவில்லை. ஸ்பானர் இரண்டு தடவை சேற்றில் விழுந்தது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. மேல் டிவிஷன் பெண்கள் ஏழெட்டுப் பேர், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முன்னால் பாக்கியம் அக்கா. பறிப்புக் கூட்டத்தில் அவர் சொன்னால் கங்காணியே மறுபேச்சுப் பேசமாட்டார்.

"என்ன டிரைவர் தம்பி, லோரிக்கும் குளுர் வந்துருச்சா?"

"தண்ணி பூந்துருச்சுக்கா. கொஞ்ச நேரம் ஆகும்."

"அடுப்பு அதுவரைக்கும் நிக்குமா?"

வீராசாமி அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "நான் வரும்போதே தணல்தான் கெடந்துச்சு."

பாக்கியம் அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. "லோரி படுத்தா என்ன, நமக்குக் கால் இருக்குல்ல. தூக்குங்கடி!" என்றார். தார்ப்பாயை விலக்கி ஆளுக்கு ஒரு கட்டு எடுத்து, நனையாமல் பிளாஸ்டிக் தாளைத் தங்கள் தலையிலிருந்து எடுத்து விறகின் மேல் போர்த்திக்கொண்டு ஏற்றத்தில் நடந்தார்கள். வீராசாமி அண்ணனும் ஒரு கட்டோடு கூடவே ஓடினார். போகும்போது பாக்கியம் அக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னல் வழியாகச் சரசுவிடம் கொடுத்தார். "பிள்ளை கால்ல சுத்து. எனக்குச் சுமை இருக்கு, வேர்க்கும்."

நடை நடையாகப் பாதி லோடு அப்படிப் போன பிறகுதான் எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை கக்கி, நடுங்கி, ஒரு வழியாக நிதானத்துக்கு வந்தது. நான் பேக்டரி வாசலில் லோரியை நிறுத்தியபோது அந்தப் பெண்கள் அடுப்பு முன்னால் நின்று புடவை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நெருப்பு அணையவில்லை. என்னைப் பார்த்து ஒரே கைதட்டல்.

5. தொட்டில்

அடுப்புக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரு பழைய புடவையை உத்தரத்தில் கட்டித் தொட்டில் போட்டோம். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை உடனே தூங்கிவிட்டது. வீட்டில் என்ன செய்தும் அப்படித் தூங்கியதில்லை.

மறுநாள் துரை சுற்றிப் பார்க்க வந்தார். நான் லோரிக்குக் கீழே படுத்திருந்தேன். அவர் அந்த அறைப் பக்கம் போவதைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே போட்டேன். எழுந்து ஓடினேன்.

துரை கதவருகே நின்று தொட்டிலைப் பார்த்தார். சரசு எழுந்து நின்றாள். வீராசாமி அண்ணன் கையில் கட்டையோடு அசையாமல் நின்றார்.

"இது யாரு?" என்றார் துரை.

"எங்க பிள்ளைங்கய்யா," என்றேன். "வெறகைக் குடுத்துட்டோம். வீட்டுல குளுருது."

ஆங்கிலம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "கதவைச் சாத்துங்க, காத்து வருது பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சாத்திக்கொண்டு போனார். சாயங்காலம் பங்களாவிலிருந்து ஒரு கம்பளியும் பால்மாவு டின்னும் வந்தன. அதன் பிறகு சின்னப் பிள்ளை இருக்கிற இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் அங்கே வந்தார்கள். டீமேக்கர்தான் பாவம், தேயிலை வாசம் பார்க்கும் இடத்தில் வசம்பு வாசம் வருகிறது என்று புலம்பினார்.

ரோடு திறந்தது. எண்ணெய் லோரி மேலே வந்தது. பர்னரை மறுபடி ஏற்றினார்கள். ஆனால் துரை விறகு அடுப்பை விடவில்லை. தோட்டத்துச் செலவிலேயே கூரை போட்ட விறகுக் கொட்டகை எழும்பியது. அதன் பொறுப்பு வீராசாமி அண்ணனுக்கு. விளக்குமாறு வேறு ஆளுக்குப் போனது.

6. திருப்பிக் கொடுத்தது

வெயில் காலம் வந்ததும் வீடுவீடாக விறகு இறக்குவது என் வேலையானது. வாங்கியதற்கு ஒன்று குறையாமல் அடுக்கிக் கொடுத்தேன். ஓரிடத்திலும் பேச்சு வரவில்லை, பாக்கியம் அக்கா வீட்டைத் தவிர.

அவர் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். மந்தமாகச் சத்தம் கேட்டது. காய்ந்த கட்டையாக இருந்தால் கணீரென்று கேட்கும்.

"இது பச்சை லா, தம்பி. ஏத்திக்கிட்டுப் போ. காஞ்சதும் கொண்டா."

"கட்டை எண்ணிக்கை சரியா இருக்குக்கா. வெயில்ல கெடந்தா தானா காஞ்சிடும்."

பாக்கியம் அக்கா சிரித்தார். "எண்ணிக்கையாவா உனக்குக் குடுத்தேன்? அன்னைக்கு நெருப்பாவுல்ல குடுத்தேன்."

எல்லாவற்றையும் திரும்ப லோரியில் ஏற்றினேன். கொட்டகைக்குப் போய், வீராசாமி அண்ணனிடம் கேட்டு, தட்டிப் பார்த்துக் காய்ந்ததாகப் பொறுக்கிக் கொண்டுவந்து இறக்கினேன். பிறகு எத்தனையோ வருஷம் லோரி ஓட்டினேன். எத்தனையோ பேரிடம் ஸ்பேர் டயரும் ஜாக்கியும் டீசலும் கைமாற்று வாங்கியிருக்கிறேன். திருப்பித் தரும்போது எவ்வளவு வாங்கினேன் என்று மட்டும் பார்ப்பதில்லை, என்ன நிலையில் வாங்கினேன் என்றும் பார்ப்பேன். தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதற்குள்ளேயே நிறைய இருக்கிறது.