மாட்டுங்கா மணியும் தாராவிக் கம்பியும்

காலை ஆறரைக்குத் தாதரில் இறங்கினேன். மாட்டுங்காவுக்கு வந்து பதினைந்து பைசாவுக்கு ஒரு காப்பி குடித்ததும், சென்னையிலிருந்து வந்த ஒன்றரை நாள் ரயில் எரிச்சல் பாதி போயிற்று. தாராவியில் ஐந்து தோல் கிடங்குகள். அவற்றை மாட்டுங்காவில் ஓர் அறையிலுள்ள மணிப் பலகையோடு கம்பியால் இணைப்பது என் வேலை. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தீச் சூட்டில் கூரையிலுள்ள ஈயத் துண்டு உருகி ஓட்டம் அறுந்தால், மணி அடித்து, அந்தக் கிடங்கின் விளக்கு எரியும். அந்த அறையில் பார்த்திருக்க ஓர் ஆள் உண்டு; மணி அடித்தால் கிடங்குக்கு டெலிபோன் செய்வார்.

ஒன்பது மணி பஸ்ஸில் பத்து பைசாவுக்குத் தாராவி. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன், மூக்குள்ளவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மூன்றாம் எண் கிடங்குக்காரர் மைதீன் பாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் அவர் கிடங்கு எரிந்தது. அன்றிலிருந்து காட்கோபர் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போகிறார்; படுக்கை கிடங்கில்தான்.

“மணி ஒழுங்கா அடிக்கும்னு கண்ணால பாத்துட்டா வீட்டுல போயி படுப்பேன் தம்பி. வீட்டுக்காரி பேசுறதயே நிறுத்திட்டா.”

நான்காம் நாள் பதினொரு மணிக்கு ஐந்தும் இணைந்தன. பதினொன்றரைக்கே மாட்டுங்காவிலிருந்து டெலிபோன்: மூன்றாம் விளக்கு! பாய் வாளியோடு ஓடினார். தீயும் இல்லை, புகையும் இல்லை. பின்சந்தில் கம்பி அறுந்திருந்தது. ஒட்டுப் போட்டேன். ஒரு மணிக்குள் இன்னும் இரண்டு முறை அதே கதை.

“இந்த லட்சணத்துல நான் எங்க வீட்டுக்குப் போக?” என்றார் பாய். எனக்கு மானம் போயிற்று.

பின்சந்திலேயே காத்து நின்றேன். தோல் வேலை பார்க்கும் செல்லம்மாள் வந்து, ஈரத் தோல்களை வரிசையாக என் கம்பியில் தொங்கவிட்டார். கம்பியைக் கைக்கெட்டும் உயரத்தில் இழுத்தது என் புத்தி!

“ஐயையோ, இது தீ மணிக் கம்பிம்மா!”

“எனக்கென்ன தெரியும்? தோல் காயுத சந்துல கம்பி கட்டுனா, காயப் போடத்தான் கட்டுதியன்னு நெனச்சேன். அறுந்து விழுந்த தோல அலசிட்டு வாரதுக்குள்ள திரும்பக் கட்டி வச்சிருந்திய, புண்ணியவான்னு வாழ்த்தவும் செஞ்சேன்.”

சிரிப்பதா, அழுவதா? அப்போதே கம்பியைக் கூரைக்கு மேல் ஏற்றினேன். அவருக்குத் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தேன். “இதுல மணி அடிக்காதுல்லா?” என்று கேட்டுவிட்டுத்தான் தோலைப் போட்டார்.

நாலு மணிக்குச் சோதனை. ஏணியில் பாயையே ஏற்றி, ஈயத் துண்டுக்கு மெழுகுவர்த்தி பிடிக்கச் சொன்னேன். ஈயம் சொட்டிற்று. டெலிபோன் அலறியது. எடுத்தேன்; மாட்டுங்கா அறை ஆள்.

“மூணாம் நம்பர்! தீயா?”

பாய் இறங்கி ஓடி, என்னிடமிருந்து ரிசீவரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இல்ல சார், நாந்தான்! நாந்தான்!” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர்.

மறுநாள் மாலை தாதரில் சென்னை மெயில் ஏறினேன். வழியனுப்ப வந்த பாயின் கக்கத்தில் ஒரு தலையணை.

“வீட்டுல படுத்தேன் தம்பி. விடியக்கால சுபுஹு தொழுகையே தவறிப் போச்சு, அல்லா மன்னிக்கணும். எட்டு மணியாகியும் எந்திரிக்கலன்னு, மூச்சு இருக்கான்னு அவ மூக்குல விரல வச்சுப் பாத்தாளாம்!”

“பேசினார்களா?”

“பேசுனாளாவா? இன்னும் நிறுத்தல.” தலையணையை ஜன்னல் வழியே என்னிடம் திணித்தார். “கிடங்குல வச்சிருந்தது. இனி எனக்கு வேண்டாம். நீங்க தலைக்கு வச்சுக்கிடுங்க.”

தலையணை முழுக்கத் தோல் நாற்றம். அதில்தான் தலை வைத்துச் சென்னை வரை தூங்கினேன்.