வெள்ளிக்கிழமை மட்டும் குலுங்கும் வண்டி

ரவூப் தன் ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு ஜெர்மன் வண்டி வாங்கினார். யாரோ ஒருவர் ஆறு வருடம் ஓட்டி, அலுத்துப்போய் இறக்கி வைத்ததைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஆளுயரக் கறுப்பு வண்டி. ரவூப் கொஞ்சம் குள்ளம். இருக்கையை உச்சத்துக்கு ஏற்றி உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேல் அவர் தொப்பி தெரியும். வண்டி வைத்துக்கொள்ள அரசு தரும் பத்து வருட உரிமமான சி.ஓ.இ. இன்னும் நான்கு வருடம் பாக்கி இருந்தது. அதற்குள் சிராங்கூன் சாலையில் தன்னைத் தெரிந்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

பஃபலோ ரோட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சூட்கேஸ் கடை. ஊருக்குப் போகும் தொழிலாளிகள் கடைசி நாளில் வந்து பெட்டி வாங்குவார்கள். சக்கரம் தாங்குமா என்று கேட்டால், திருச்சி விமான நிலையம் வரைக்கும் தாங்கும், அதற்கப்புறம் உங்க ரோடு, உங்க பாடு என்பார். அவருடைய அப்பா தோப்புத்துறையிலிருந்து வந்து ஆரம்பித்த கடை. முப்பது வருடமாக மற்றவர்கள் கிளம்பிப் போவதற்குச் சாமான் விற்றவர் தானும் ஏதாவது ஒன்றில் ஏறிப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆசை கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைதான் வண்டிக்கு அரங்கேற்றம். ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம் பார்த்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள கார் பார்க்கில் ரவூப் போனட்டைத் திறந்து வைப்பார். சூடு ஆறட்டும் என்பது காரணம். வெறும் பத்து நிமிடம் ஓடிய எஞ்சினுக்கு அப்படி என்ன சூடு என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே எஞ்சின் பளபளவென்று இருக்கும். நண்பர்கள் எட்டிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். பிறகு பிரியாணிக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்தப் பளபளப்பு உதறியது. சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது குளிர் ஜுரம் வந்தவனைப் போல வண்டி நடுங்கியது. முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு கண்ணடித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகிற்றே தவிர நகரவில்லை. மறுநாள் காலை பூன் லே தாண்டி ஜூரோங்கில் இருந்த பட்டறைக்கு எடுத்துப் போனார். போகிற வழியெல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடிற்று.

பட்டறையில் மாசிலாமணி என்ற மெக்கானிக். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறார். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, ஆறு சிலிண்டரில் மூன்றாவது சிலிண்டர் சில நேரம் எரியாமல் போகிறது என்றார். தீப்பொறி கொடுக்கும் காயிலை மூன்றிலிருந்து கழற்றி ஐந்தில் போட்டார். அடுத்த முறை ஐந்து கோளாறு செய்தால் காயில் குற்றவாளி. அடுத்த முறையும் மூன்றுதான் செய்தது. ஆறு பிளக்கையும் மாற்றினார். அதற்கடுத்த முறையும் மூன்று. ஒவ்வொரு முறையும் வெள்ளிக்கிழமை நடுங்கி, சனிக்கிழமை பட்டறை வாசலில் நல்ல பிள்ளையாக வந்து நின்றது வண்டி.

பிளக் உட்காரும் குழியில் லேசாக ஒரு துரு வளையம் இருந்ததை மாசிலாமணி கவனித்தார். மழையில் நிறுத்துகிறீர்களா என்று கேட்டார். காத்தோங்கில் அடுக்குமாடிக்குக் கீழே கூரை போட்ட கார் பார்க், ஒரு துளி விழாது என்றார் ரவூப். அப்படியென்றால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடுங்குகிறபோதெல்லாம் என்ன வேகம், மழையா வெயிலா, எங்கே பெட்ரோல் போட்டீர்கள், அதற்கு முன்னால் வண்டிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார் மாசிலாமணி.

ரவூப்புக்கு இதில் எழுதிப் பார்க்க ஒன்றுமில்லை. அவருக்குக் காரணம் தெரியும். கண்ணேறு.

இந்த நேரம் பார்த்துத்தான் பினாங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. மகள் அஃப்னாவைப் பார்க்க ரஃபீக் என்பவரின் குடும்பம் வரப்போகிறது. பையன் பொறியாளன், இந்த முறை பெற்றோர் மட்டும்தான் வருகிறார்கள். ரஃபீக் ஏற்கெனவே இரண்டு இடங்களை வேண்டாம் என்று சொன்னவர். ஒரு வீட்டில் தேநீர் ஆறிப்போயிருந்ததாம். இன்னொரு வீட்டில் பெண்ணின் தகப்பனார் அதிகம் பேசினாராம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குகிறார்கள், ஜும்ஆ முடித்து வீட்டுக்கு வருகிறார்கள். பள்ளிவாசலிலிருந்து ரஃபீக்கைத் தன் வண்டியில் அழைத்து வருவதாக ரவூப் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ரவூப்பின் மனைவி ரஷீதாவுக்கு அண்ணன் ஒருவர் உண்டு, ஜாஃபர். மளிகைச் சாமான் ஏற்றும் ஜப்பான் வேன் வைத்திருக்கிறார். எல்லாரையும் தானே கூட்டிவந்துவிடுவதாக அவர் சொன்னார்.

“வேன் வேணாம் மச்சான். மல்லி வாசம் அடிக்கும். பொம்பளைங்களை வேணா ஏத்திக்குங்க.”

“உன் வண்டி நடுரோட்டுல ஆடுச்சுன்னா, மாப்ளே?”

அந்த ஒரே கேள்விதான் நான்கு நாளாக ரவூப்பின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஆறிய தேநீருக்கே ஒரு பெண்ணை வேண்டாம் என்ற மனிதர், நடுங்குகிற வண்டியில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? அஃப்னாவைப் பற்றி நினைக்கமாட்டார். பெண்ணின் தகப்பனாரைப் பற்றித்தான் நினைப்பார். ரவூப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

புதன்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். மாசிலாமணி கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். முதல் பக்கத்தில், ‘6ஆம் தேதி. அத்தர் கடைக்காரர் பார்த்தார். டயரைத் தொட்டார். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை’ என்று இருந்தது. அடுத்தது, ‘13ஆம் தேதி. ஜாஃபர் மச்சான் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விலை கேட்டார். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை.’ பிறகு, ‘20ஆம் தேதி. தெரியாத ஆள், நீலச் சட்டை. சிரித்தான்.’

“பாய், நான் கேட்டது ஸ்பீடு, மழை, பெட்ரோல். நீங்க ஊர்ல உள்ளவங்க பேரெல்லாம் எழுதியிருக்கீங்க.”

நல்லது ஒன்றைப் பார்த்தால் மாஷா அல்லாஹ் என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் பார்த்தால் கண் படும், அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று ரவூப் விளக்கினார். மாசிலாமணி மறுக்கவில்லை. அவர் ஊரில் இதற்குப் பூசணிக்காய் உடைப்பார்கள். அவர் பெயர்களை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனார்.

“எல்லாம் வெள்ளிக்கிழமை.”

“அதைத்தானே சொல்றேன். வெள்ளிக்கிழமைதானே எல்லாரும் பார்க்கிறாங்க.”

“வியாழக்கிழமை வண்டிக்கு என்ன பண்ணுவீங்க?”

ரவூப்பின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி. வியாழக்கிழமை மாலை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு கேலாங் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் போவதையும், அங்கே பீச்சுகுழாயில் தண்ணீர் வேகமாக வருவதையும், போனட்டைத் திறந்து எஞ்சின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு மூலை முடுக்கெல்லாம் தானே குளிப்பாட்டுவதையும் வரிசையாகச் சொன்னார். அந்த மூடி இருந்தால் எஞ்சின் முகமே தெரியாது, முக்காடு போட்ட மாதிரி இருக்கும் என்றார். பாதி அழுக்கோடு பள்ளிவாசலுக்குப் போக முடியுமா என்றும் கேட்டார்.

மாசிலாமணி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். எஞ்சின் மூடியைக் கழற்றி, மூன்றாவது காயிலின் தலையில் நிதானமாக ஊற்றினார். அங்கே குழியின் வாயில் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கிற்று. சாவியைத் திருப்பினார். வண்டி நடுங்கியது. மஞ்சள் விளக்கு கண்ணடித்தது.

“இப்ப யாரு பார்த்தா, பாய்?”

ரவூப் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு மாசிலாமணியைப் பார்த்தார்.

“நீதான் பார்த்தே” என்றார்.

ஆனாலும் குரலில் வலுவில்லை. வியாழக்கிழமை இறங்கும் தண்ணீர் வெள்ளிக்கிழமை மூன்றாவது சிலிண்டரின் தீப்பொறியைத் திருடுகிறது, எஞ்சின் சூட்டில் காய்ந்து சனிக்கிழமை காணாமல் போகிறது என்று மாசிலாமணி சொன்னபோது தலையை ஆட்டினார். ஆறு பிளக்கும் வீணாக மாற்றப்பட்டது யார் தலையில் விடியும் என்று அவரும் கேட்கவில்லை, பட்டறை முதலாளியும் அந்தப் பக்கம் வரவில்லை. குழியைக் காயவைத்து மூடியை மாட்டிக் கொடுத்தார்கள். சரியான ரப்பர் வெளிநாட்டிலிருந்து வரப் பத்து நாள் ஆகும். அதுவரை எஞ்சின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

“துடைக்கவாவது செய்யலாமா?”

“தொடாதீங்க பாய். அதுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க சும்மா இருந்தாலே அது ஓடும்.”

ரவூப்பின் வாழ்க்கையில் அவரிடம் யாரும் சும்மா இருக்கச் சொன்னதில்லை. வியாழக்கிழமை மாலை வழக்கம்போல அந்தப் பெட்ரோல் நிலையத்துக்குப் போனார். பெட்ரோல் மட்டும் போட்டார். பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் தன் பழைய டாக்சிக்கு நுரை போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ரவூப் கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீச்சுகுழாய் காலியானதும் கை தானாக அதன் பக்கம் போயிற்று. ஆறிய தேநீரை நினைத்துக்கொண்டு கையைச் சட்டைப் பைக்குள் போட்டார். வீட்டுக்கு வந்து, எஞ்சினில் தூசி இருப்பதை ரஷீதாவிடம் மூன்று முறை சொன்னார். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று ரஷீதா ஒரு முறை கேட்டாள்.

மறுநாள் ஜும்ஆ முடிந்தது. போனட் மூடியே இருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் வந்து, இன்றைக்குச் சூடு இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரஃபீக் உயரமான, மெலிந்த மனிதர். சலாம் சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டை மாட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். தகப்பனார் அதிகம் பேசியதால் போன சம்பந்தத்தை நினைத்து ரவூப் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

எஞ்சின் பேசவில்லை. அவ்வளவு அமைதி. முதல் சிவப்பு விளக்கில் ரவூப்புக்கு மூச்சு நின்றது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சிவப்பு விளக்கிலும் ஆகவில்லை. அங்கே பெருமையோடு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ரஃபீக் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாலை விமானம், குளிர்காற்று, தோல் இருக்கை. கல்லாங்கில் ஒரு லாரியை முந்தும் சாக்கில் ரவூப் அழுத்தி மிதித்துப் பார்த்தார். வண்டி பாய்ந்தது. ரஃபீக்கின் தலை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறிற்று, கண் திறக்கவில்லை. ஆட்டமில்லாத எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. அதைக் கொடுத்தவருக்குத்தான் கொடுத்தது தெரியவில்லை.

பின்னால் மல்லி வாசத்தோடு ஜாஃபரின் வேன் வந்தது. அதில் ரஃபீக்கின் மனைவி சம்சுன்னிசா, ரஷீதா, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த அஃப்னா. வேனில் யாரும் தூங்கவில்லை. கல்யாணத்துக்கப்புறம் பினாங்குக்கு வரமுடியாது, வேலை இங்கேதான், உங்கள் மகன் வரட்டும் என்று அஃப்னா முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள். ரஷீதாவுக்கு வியர்த்தது. சம்சுன்னிசா கொஞ்சம் யோசித்தார். இருபத்தெட்டு வருடமாக அந்த மனிதருக்குச் சூடாகத் தேநீர் போட்டுக்கொண்டிருக்கிறேன், என்னிடம் யாரும் எந்த ஊரில் இருக்க ஆசை என்று கேட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தார். காத்தோங்குக்குள் நுழைகிறபோது தன் கை வளையல் ஒன்றைக் கழற்றி அஃப்னாவின் கையில் போட்டுவிட்டார். நிக்காஹ் மாதம்கூடப் பேசியாகிவிட்டது.

ரவூப்புக்கு இதையெல்லாம் கார் பார்க்கில் ஜாஃபர்தான் சொன்னார். பெண்கள் மூவரும் பேசிக்கொண்டே லிஃப்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

“அவர் இன்னும் சரின்னு சொல்லலையே மச்சான்” என்றார் ரவூப், வண்டிக்குள் தூங்குகிறவரைக் காட்டி.

“அவர்கிட்ட யாரு கேட்டா? போன ரெண்டு இடத்தையும் வேணாம்னது அந்த அம்மாதானாம். பேரு மட்டும் இவருக்கு.”

கதவு திறந்த சத்தத்தில் ரஃபீக் விழித்துக்கொண்டார். இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, வீடு வந்துவிட்டதா என்று கேட்டார். இனி அதிகம் பேசினாலும் பாதகமில்லை என்று ரவூப்புக்குத் தோன்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆறு சிலிண்டர், இது மாதிரி எஞ்சின் இந்தப் பேட்டையிலேயே மூன்றுதான், போனட்டைத் திறந்து காட்டட்டுமா, கொஞ்சம் தூசியாக இருக்கும் என்றார்.

“முதல்ல சாப்பிடலாம்லா, சம்பந்தி” என்றார் ரஃபீக்.

ஜாஃபர் அவர் தோளில் கைபோட்டு லிஃப்டுக்கு அழைத்துப் போனார். உள்ளே ஐந்து பேர் ஏறினார்கள். ரவூப் வண்டியைப் பூட்டி, பூட்டியதைச் சரிபார்த்து, பக்கக் கண்ணாடியில் பட்டிருந்த ஒரு கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு வருவதற்குள் லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டது.