அட்டைக் கட்டம் என்னுடையது

கந்தப்பளை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம் நான் கட்டியது. அதற்குப் பின்னால் உள்ள மரக்கறிக் கிடங்கும் நான் கட்டியதுதான். சறுக்கு மண், அஸ்திவாரம் நிற்காது என்று மேசன்மார் கைவிட்டுப்போன இடம் அது. எத்தனையோ மழை பார்த்துவிட்டது, இன்னும் அசையவில்லை. கோயில் முன்மண்டபம் என் தலைமையில் எழுந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்த வேலைகள் இவை. இவற்றை ஊரில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் நான் கட்டிய இன்னொன்று இருக்கிறது. ஒரு கதையில் ஒரு கட்டம். அதை மட்டும் யாரும் என் பேரில் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் தெரிய வந்தது. பேத்தி யாழினி கைப்பேசியைப் பிடித்தபடி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'ஒன்பது வாசல் கோட்டை' என்று ஒரு பழைய மாயாஜாலத் தொடர்கதை. அதை இப்போது டீவி நாடகமாக எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மூலக்கதையில் இருப்பதைக் காட்டவில்லை, இல்லாததைக் காட்டிவிட்டார்கள் என்று நாள் முழுக்கச் சண்டை. சொத்துத் தகராறில்கூட நான் அப்படி ஒரு கோபத்தைக் கண்டதில்லை.

சண்டை எதில் என்றால், இளவரசன் அமுதசேனன் நெற்றியில் மாய மை பூசிக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் அரக்கன் கோட்டைக்குள் நுழைகிறான். ஆனாலும் பிடிபடுகிறான். எப்படிப் பிடிபட்டான்? நாடகத்தில் மந்திரக்காரி ஒருத்தி பளிங்குக் குண்டுக்குள் பார்த்துக் கண்டுபிடிக்கிறாளாம். "அப்படி ஒரு குண்டு இருந்தா மொதல் நாளே பாத்திருக்கலாமே, பத்து வாரம் எதுக்குத் தேடினா?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சின்ன வயதில் வீட்டில் கேட்ட கதையை நம்பி யாழினி அதில், "அட்டைக் கட்டத்தை ஏன் வெட்டினீங்க? கதையோட உயிரே அதுதானே" என்று எழுதியிருக்கிறாள். அட்டன் பக்கமிருந்தும் பொல்பிட்டியவிலிருந்தும் ஐந்தாறு பேர், "ஆமா, எங்கம்மாவும் சொல்லியிருக்காங்க" என்று சேர்ந்துகொண்டார்கள். உடனே சென்னைக்காரர் ஒருவர், தான் புத்தகத்தை நான்கு முறை படித்தவர் என்றும், அதில் அட்டையே கிடையாது என்றும், மலைநாட்டுப் பிள்ளைகள் படிக்காமலே பீற்றுகிறார்கள் என்றும் போட்டுவிட்டார். பக்கத்தைக் காட்டு, இல்லாவிட்டால் குழுவை விட்டுப் போ என்றும் சொல்லிவிட்டாராம்.

"தாத்தா, அந்தக் கட்டம் புஸ்தகத்துல எத்தனையாவது அத்தியாயம்?" என்று கேட்டாள்.

"புஸ்தகத்துல இல்ல கண்ணு. அது நான் போட்டது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குப் படிப்புப் போதாது.

இன்றைக்கும் மாசிக் கருவாட்டுத் தூள் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு அரக்கர்கள்தான் ஞாபகம் வருவார்கள். காரணம் இருக்கிறது. நான் இளவட்டமாக இருந்தபோது என் கடை வெறும் பலகைக் கடை. பருப்பு, சீனி, மாசி எல்லாம் காகிதத்தில் சுற்றித்தான் கொடுப்போம். சுற்றுவதற்குப் பழைய இந்திய வார இதழ்கள் கொழும்பிலிருந்து சாக்கு சாக்காக வரும். அந்தச் சாக்கில்தான் 'ஒன்பது வாசல் கோட்டை' வந்தது, அத்தியாயம் அத்தியாயமாக, முன்பின்னாக, எலி கடித்தது போக மிச்சம். நான் அந்தத் தாள்களை மட்டும் பிய்த்து மாசி டின்னுக்குள் பத்திரப்படுத்தினேன். எலிக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெண்கள் சாமான் வாங்க வருவார்கள். எதிர்க்கடையில் ரேடியோ இருந்தது, கூட்டமெல்லாம் அங்கே. என்னிடம் ரேடியோ இல்லை, தொண்டை இருந்தது. தராசில் பருப்பை நிறுத்துக்கொண்டே கதையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் எதிர்க்கடை வாசலில் ரேடியோ தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. வாசிப்பில் நான் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். இளவரசியின் அழகை வருணிக்கும் இடமெல்லாம் நாக்கு சுளுக்கும். "பொம்பளப்புள்ள நல்லா இருந்துச்சு" என்று சுருக்கிவிடுவேன். அதற்கும் விட மாட்டார்கள். "என்னா நெறத்துல சீல கட்டியிருந்துச்சு, அதச் சொல்லுங்க மொதலாளி" என்று நிற்பார்கள். நான் ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விக் கூட்டத்துக்குத் தலைவி பாக்கியம். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

ஒரு வாரம் வாசிப்பு இளவரசன் மை பூசி மழைக்காட்டுக்குள் காலை வைத்ததோடு முடிந்தது. அடுத்த வாரம் டின்னைத் திறந்தால், கையில் இருக்கும் தாளில் அவன் சங்கிலியோடு சிறையில் கிடக்கிறான். நடுத்தாள் இல்லை. யாருக்கோ சீனி சுற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. நான் தைரியமாக வாசித்துக்கொண்டு போனேன்.

"நில்லுங்க மொதலாளி," என்றாள் பாக்கியம். "கண்ணுக்கே தெரியாதவன எப்படிப் புடிச்சாங்க?"

"புடிச்சிட்டாங்க. அரக்கன்னா சும்மாவா?"

"போன வாரம் எறும்புக்கும் தெரியமாட்டான்னீங்க. இப்ப புடிச்சிட்டாங்கங்கிறீங்க. கதையத் தின்னுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லுறேன், அது பெரிய கட்டம்" என்று சமாளித்தேன்.

"சொல்லாட்டி நாங்க ரேடியோக் கடைக்குப் போறோம்," என்றாள். அவள் போனால் அந்தத் தோட்டமே பின்னால் போகும். கடன் வாங்காமல் தூக்கி நிறுத்திய கடை.

வியாழக்கிழமை மலைக்கு மேலே இருந்த சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். நல்ல மழை. வழியில் காலைப் பார்த்தால் முழங்கால்வரை அட்டை. அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம், அதுதான் சோப்பு, பூச மறந்துவிட்டேன். ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு மண்டையில் மின்னல் அடித்தது. மாலையிலேயே கடைக்கு ஓடி வந்து கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் இடமில்லை. உருளைக்கிழங்கு லொறி டிரைவர் பண்டாகூட, தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர், வந்து நின்றார். தாளைக் கையில் பிடித்தபடி, அதில் இல்லாததை வாசித்தேன். இளவரசன் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் அட்டை அவனைக் கண்ணாலா தேடும்? காலில் ஏறியது, இரத்தம் குடித்தது, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியது. கோட்டை வாசலில் நின்ற அரக்கன் என்ன கண்டான்? ஆளைக் காணோம். தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், முப்பது சிவத்த அட்டைகள் காற்றில் நடந்து வருகின்றன.

பெண்கள் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். பண்டா பக்கத்தில் நின்றவளிடம், என்ன நடந்தது என்று சிங்களத்தில், "மொகத வுனே?" என்று கேட்டார். அவள் "கூடெல்லா" என்று அட்டைக்குச் சிங்களப் பேரைச் சொல்லித் தன் காலைக் காட்டியதும் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லொறி மேல் சாய்ந்தார்.

பாக்கியம் மட்டும் சிரிக்காமல் கூடையைக் கையில் எடுத்தாள். "சரிதான்," என்றாள். "கூறுகெட்ட பய, சவர்க்காரம் பூசாம வந்திருக்கான்."

அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டேன். கேள்விகள் இன்னும் நிற்கவில்லை.

கதை தோட்டம் தோட்டமாகப் போனது. கல்யாணமாகிப் போன பெண்கள் அட்டன் பக்கம், பொல்பிட்டியப் பக்கமெல்லாம் கொண்டுபோனார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சொன்னார்கள். இதையெல்லாம் யாழினியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப புஸ்தகத்துல எப்படித்தான் புடிச்சாங்க?" என்று கேட்டேன். எனக்கே தெரியாதல்லவா?

"மழையில மை கரைஞ்சிருச்சாம் தாத்தா."

அடுப்படியிலிருந்து பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "மழக்காலத்துல கரையிற மையப் பூசிக்கிட்டுப் போனானா? அவனையெல்லாம் யாரு இளவரசனா வச்சது?"

யாழினி எல்லாவற்றையும் குழுவில் எழுதினாள். தாத்தா கட்டியது என்றும் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் குழு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. சென்னைக்காரரே, "புத்தகத்தில் இருப்பதைவிடவும் நாடகத்தில் இருப்பதைவிடவும் இதுதான் பொருத்தம், பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று போட்டாராம். நான் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் போட்ட அடுத்த வரியை அவள் வாசிக்கத் தயங்கினாள். "தாத்தா கட்டியது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். இது மலையக நாட்டார் கதை. ஆக்கியவர் பெயர் தெரியாது." அதற்கு நூற்றுக்கணக்கில் கைதட்டல் விழுந்ததாம்.

இப்போது கடைகளில் எல்லாமே பொலித்தீன் பை. வாசிக்கத் தாள் இல்லை. கதையும் கிழியாமல் முழுசாக வருகிறது, எங்கே நிறுத்தினாலும் அங்கிருந்தே ஓடுகிறது. எலி கடித்த இடம் இருந்தால்தானே என்னைப் போன்றவன் உள்ளே நுழைய முடியும்? கூடையை இறக்கி வைத்துவிட்டு, பதில் வராமல் சாமான் வாங்க மாட்டேன் என்று நிற்கும் கூட்டமும் இல்லை. இப்போது அவரவர் அறையில், அவரவர் காதில் வயரைச் சொருகிக்கொண்டு கேட்கிறார்கள். போகட்டும், அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ஆனால் 'பெயர் தெரியாது' என்பதை மட்டும் என்னால் விட முடியாது. ஆள் செத்துப்போயிருந்தால் நாட்டார் கதை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன், காலையில் இரண்டு ரொட்டி தின்கிறேன். கந்தப்பளையில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். கேள்வி பாக்கியத்தினுடையது, அதை நான் மறுக்கவில்லை. அவள் பெயரையும் போடுங்கள். பதில் என்னுடையது. அந்த வரியை அழித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், முதலில்.