எல்லைக்கு வெளியே ஒரு பிள்ளை

இருசம்மாளக்கா சொவல் ஓட்டுகிறார் என்றால் புதிதாகக் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். சுங்கை ரம்பாய்ப் பக்கம், எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையை ஒட்டி ஒரு மின் நிலையம் இருக்கிறது. எண்ணெய் எடுத்த வெறுங்குலைகளை வாரி அதன் கொதிகலனுக்குத் தள்ளுகிற பெரிய வண்டிதான் சொவல். முன்பெல்லாம் அந்தக் குலைகள் குவிந்து அழுகிக் கிடக்கும்; ஈத்தொல்லையில் சோற்றுத் தட்டை மூடி மூடித்தான் சாப்பிட்டோம். இப்போது அதே குலையில் மின்சாரம் எடுக்கிறார்கள். கணவர் இறந்து, தோட்ட வேலையும் போய், வீட்டோடு கிடந்த அக்காவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுத்தது அந்த நிலையம். யாராவது அதைக் குறை சொன்னால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

"எனக்குச் சோறு போடற இடம் லா அது. பாத்துப் பேசுங்க."

போன வருஷம் நிலையத்தைப் பெரிதாக்க இடம் கேட்டார்கள். குலை காயப்போடும் களத்துக்குப் பக்கத்து நிலத்தை ஒதுக்கலாமா என்று பார்க்க, நிலத் திட்ட அலுவலகத்திலிருந்து சஞ்சீவ் என்ற இளம் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. பக்கத்து நிலம் எங்கள் இடுகாடு.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஊரே கூடிக் கோத்தோங் ரோயோங் போட்டு இடுகாட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார்கள். கல்லறை கட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கருமாதியன்று தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவோம், அதுதான் அடையாளம். புல்வெட்டும் மிஷின் புல்லோடு குரோட்டனையும் வெட்டித் தள்ளியது. மேடுகளையும் நிரவிவிட்டார்கள். பார்க்க மரியாதையாக இருக்க வேண்டுமாம்! வந்த சஞ்சீவ் கண்ணுக்கு ஒரு காலித் திடல்தான் தெரிந்தது. இடுகாடு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு, குடிக்க மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

வரைபடம் வந்தது. இடுகாடு முழுவதும் குலைக்களம். தோட்டத் தலைவர் கணேஸ்வரன் அலறியடித்துக்கொண்டு நிலத் திட்ட அலுவலகத்துக்கு ஓடினார்.

சஞ்சீவ் மறுபடியும் வந்தார். அதற்குள் நல்ல மழை பெய்து, வெட்டிய குரோட்டன்கள் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையாய்த் துளிர்த்திருந்தன. அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இவ்வளவுதான் ஐயா வேண்டும் எங்களுக்கு. களத்தைச் சதுப்புப் பக்கம் தள்ளிவிடலாம், நிலையத்துக்கும் நஷ்டமில்லை என்றார். கடைசிக் குரோட்டனை ஒட்டி எல்லைக் குச்சிகளை நடச் சொன்னார். சந்தோஷத்தில் கணேஸ்வரனே ஓடி ஓடிக் குச்சிகளை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா மட்டும் சதுப்பை ஒட்டிய கால்வாய் ஓரத்திலேயே நின்றார். குச்சிக்கு வெளியே அவருடைய முதல் பிள்ளை கிடந்தது. பச்சைக் குழந்தைக்குக் கருமாதி கிடையாது, அதனால் குரோட்டனும் கிடையாது. நாளைக்கு அந்த இடத்தில் குலையைக் கொட்டப்போவது அவருடைய சொவல்தான். இத்தனை செய்தவரிடம் இன்னும் கேட்டால் நன்றி கெட்டவள் என்பார்களோ, சோறு போடுகிற நிலையத்தில் என்ன நினைப்பார்களோ என்று அவர் மருகியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசிக் குச்சியை அடிக்கும்போது வாயைத் திறந்துவிட்டார்.

"தம்பி, இன்னும் நாலடி தள்ளிப் போடுறீங்களா? இங்க ஒரு பிள்ளை இருக்கு."

சஞ்சீவ் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. "உங்க பிள்ளையா அக்கா? பேர் என்ன?"

"பேர் வைக்கறதுக்குள்ள போயிடுச்சி தம்பி."

சஞ்சீவே குச்சியைப் பிடுங்கி, கால்வாயைத் தாண்டிப் போய் ஊன்றினார். அந்தத் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நாங்கள் சாமி கும்பிடுகிறோம்.

"களம் கிட்டத்தான் வரும் அக்கா. சொவல் சத்தம் கேக்கும். இன்னும் தள்ளவா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் தம்பி. ஓட்டப்போறது நான்தானே. மெதுவா ஓட்டிக்கிறேன்."