காரியும் மூன்று பேனாவும்

வில்லாபுரத்து விருமாண்டி எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவனியாபுரத்து சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். தூங்கும் முதலாளியின் வழுக்கையில் மீசை வரைந்த வகையில் தெருவுக்கே அவன் ஓவியன்.

அன்று மட்டும் விளையாட்டு இல்லை. மழை பொய்த்த வருஷம். தீனிக்கு வழியில்லாமல், சோலையம்மாள் அத்தையின் கறுப்புக் காளை காரியை மாமா விலை பேசிவிட்டார். போட்டோ பிடித்தால் கண் பட்டுவிடும் என்று அத்தை ஒருநாளும் விட்டதில்லை. மத்தியானம் மாட்டு யாவாரி வருவதற்குள் காரியை வரைந்து அத்தை கையில் கொடுத்துவிட வேண்டும். அதைச் சொல்லக் கூச்சம். "சும்மா, பேனா எழுதுதான்னு பாக்குறேன்" என்று தொழுவத்தில் உட்கார்ந்தான்.

முதல் பேனா, அழைப்பிதழில் பெயர் எழுதுகிற பட்டை நிப்பு. இழுத்த பக்கமெல்லாம் தடித்தது.

அத்தை எட்டிப் பார்த்தாள். "என்ன மருமகனே, காளைக்குக் கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?"

"பொண்ணு பாத்துட்டேன், நீ தாம்பூலத்த எடு!"

அடுத்தது தொட்டு எழுதுகிற பேனா. மை தாளில் ஊறிப் பரவ, காளை இருந்த இடத்தில் கரடி நின்றது.

மூன்றாவது சாதாரண இங்க் பேனா. ஊறாத மை வேண்டுமென்று அதில் இண்டியன் இங்க் என்கிற கெட்டி மையை ஊற்றினான். வந்தது! திமில், கொம்பு, கழுத்தடியில் தொங்கும் அலைதாடி, எல்லாம் கன்னங்கரேலென்று. சாமி சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்? இவனும் கண்ணை மிச்சம் வைத்தான். ராகு காலம் கழியட்டும் என்று பேனாவை மூடாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

யாவாரியும் அதற்குத்தான் காத்திருந்தார். ராகு காலம் கழிந்ததும் வந்து கயிற்றைப் பிடித்தார்.

பேனாவை எடுத்தால், நிப்பில் மை கட்டிப்போய் இறுகிக் கிடக்கிறது. உதறினான். தட்டினான். வாயில் வைத்து உறிஞ்சினான். உதடு கறுத்ததுதான் மிச்சம். காரி தெரு முனை திரும்பிவிட்டது.

தாளைக் கிழிக்கப் போனான். அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணு இல்ல அத்தே. இந்தச் சனியன் மக்கர் பண்ணிருச்சு. நாளைக்கு வேற பேனாவுல..."

"வைக்காதடா. கண்ணு வச்சா என்னையப் பாக்கும். வித்துப்புட்டு அது மூஞ்சில எப்படி முழிக்க?"

அத்தையை என்ன சொல்ல? மாமாவைத்தான் என்ன சொல்ல? எருக்குழியைப் பார்த்து மூன்று பேனாவையும் விட்டெறிந்தான்.